ஆள் எடை

1

கடைசியாக அவர் கேட்டது ஒரு ஸ்பேனர்.

"பன்னெண்டு பதிமூணு எங்க வெச்ச செல்வா?"

கிரைண்டரின் கால் நட்டை இறுக்க அவள்தான் எடுத்துப் போயிருந்தாள். "தோ கொண்டாறேன்" என்று அடுப்படியிலிருந்து எடுத்துவந்து நீட்டினாள். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் கையை மட்டும் வெளியே விட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். மறுநாள் காலை பல் துலக்கிவிட்டு நிமிர்ந்தவரின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. அது ஆனி மாதம். ஆடி முடிவதற்குள் ஆள் இல்லை.

இந்தக் கதை அந்த ஸ்பேனரிலிருந்து பிறந்ததாகச் சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அப்படியில்லை. மகள் ஒருநாள் போனில் கேட்டாள்: "ம்மா, அப்பா வண்டியப் பத்தி எதையுமே எழுதி வெக்கல. ஒனக்கு என்னென்னா ஞாபகம் இருக்குதோ எழுதி வையேன். எந்த ஸ்க்ரூ, எவ்ளோ, எப்ப ஆயில் மாத்தறது. சும்மா பாயின்ட் பாயின்ட்டா." சரி என்று உட்கார்ந்தேன். 'வண்டியைப் பராமரிக்கும் முறை' என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டேன். முதல் குறிப்பு: மழைக்காலத்துக்கு முன் சட்டத்தின் குழாய்களுக்கு கிரீஸ் தடவ வேண்டும். இரண்டாவது குறிப்பு: அவர் இருந்தபோது—

அந்த வாக்கியத்துக்குக் கீழே எழுதியதெல்லாம்தான் இது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'நான்' என்று தொடங்கிய வாக்கியங்கள் எல்லாம் பாதியில் நின்றன. வேலைக்காலம் முழுவதும் அச்சகத்தில் பிறர் எழுத்தில் பிழை பார்த்த கை இது; சொந்தமாக எழுதிப் பழகவில்லை. ஆகவே என்னை 'அவள்' ஆக்கி, செல்வாம்பாள் என்று பெயர் வைத்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். அவருக்குக் கலியபெருமாள். 'அவள் சொன்னாள்', 'அவள் செய்தாள்' என்று எழுதும்போது வாக்கியம் முற்றுப்புள்ளி வரை போகிறது.

2

தொடக்கத்தை வேறு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

"நெல்லித்தோப்பில் ஒரு சந்து. சந்தின் கடைசி வீட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது." படித்தால் மனை விற்கும் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

"ஆலை மூடிய அன்று கலியபெருமாள்—" ஆலை மூடியதைப் பற்றி இந்த ஊரில் பேசாதவர் யார்? அவர் அங்கே பிட்டராக இருந்தார், பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தார். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பக்கிரியிலிருந்து தொடங்குவதுதான் சரி. பக்கிரி ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். கலியபெருமாளோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். திரும்பி வரும்போது கட்டில் பீரோவோடு சில மரப்பெட்டிகளும் கப்பலில் வந்தன. உள்ளே ஒரு கார், துண்டு துண்டாக. வாங்குகிறவர் வீட்டிலேயே ஒன்றுசேர்த்துக்கொள்ள வேண்டிய வகை.

"மோத்தர் எங்கடா?" என்று கேட்டார் கலியபெருமாள். பக்கிரியிடம் பேசும்போது என்ஜின் மோத்தராகிவிடும்.

"அது பெட்டியில வராது. தனியா வாங்கணும்."

"அப்ப நீ கொண்டாந்தது என்னா?"

"மத்ததெல்லாம்."

மற்றதெல்லாம் என்றால்: இரும்புக் குழாயில் பற்றவைத்த ஒரு சட்டம், அதன்மேல் மூட பைபர் தகடுகள், இரண்டு சீட், உடம்புக்கு வெளியே தனியாகத் துருத்தி நிற்கும் முன்சக்கரங்கள். கூரை இல்லை, கதவு இல்லை. உடைசலுக்குப் போன ஓர் ஆம்னி வேனிலிருந்து என்ஜினும் கியர்பாக்ஸும் எடுத்து, கலியபெருமாள் வீட்டு ஷெட்டில் இருவருமாக வைத்தார்கள். வேனை இழுத்து இழுத்து அலுத்த என்ஜின் அது. இந்தச் சட்டத்தில் ஏறியதும், பள்ளிக்கூடப் பையை எறிந்துவிட்டு ஓடும் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

எதிர்வீட்டுத் தையல்நாயகி வந்து பார்த்தாள். "என்னாக்கா, பாதியிலயே நிக்குது?"

"முடிஞ்சிடுச்சி. அவ்ளோதான்" என்றாள் செல்வாம்பாள்.

"இதுக்கா இத்தினி வருசம்?"

(நம்பர் பிளேட் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. ஆகவே தெருவில் ஓட்ட முடியாது. சென்னைப் பக்கம் கார் பந்தயம் விடும் ஓட்டப் பாதை ஒன்று இருக்கிறது. வருஷத்தில் சில ஞாயிறுகளில் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே ஓட்டிவிட்டு வருவார்கள். மற்ற ஞாயிறுகள் எல்லாம் அந்தச் சில ஞாயிறுகளுக்கான வேலை. இப்படி ஒரு பொருளை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது.)

3

மகள் கேட்ட பாயின்ட்டுகளில் சிலவற்றையாவது இங்கே சொல்லிவிட வேண்டும்.

கடற்காற்று. இதுதான் முதல் எதிரி. கடல் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தாலும் உப்பு வந்துவிடும். ஷெட்டுக்குள் போர்த்தி வைத்தாலும் போல்ட் தலைகள் துரு ஏறிப் பழுக்கும். கார்புரேட்டரில் காற்றுக்கு ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. கார்த்திகையில் ஓர் இடம், சித்திரையில் வேறு இடம். அவர் காதால் வைப்பார். புகைக்குழாய்ப் பக்கம் குனிந்து, கண்ணை மூடி, வலது கையால் திருகுவார். அந்த நேரத்தில் மிக்சி போட்டால் திட்டு விழும்.

அப்புறம் எடை. முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது. தயவுசெய்து இந்த ஒரு பத்தியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேசான வண்டி எதையும் மறைக்காது. சாதாரணக் காரில் ஓர் ஆள் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குத் தெரியாது. இந்த வண்டியின் மொத்தக் கனமே அதில் பாதிகூட இல்லை, எனவே ஓட்டுகிறவரின் எடையும் வண்டியின் ஓர் உறுப்பு. ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருகிறார். அவர் உட்கார்ந்த நிலையில் இரண்டு முன்சக்கரங்களும் தரையை ஒரே அளவு அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போட்டதும் லேசான பக்கத்துச் சக்கரம் முதலில் நின்றுவிடும், வண்டி சுழலும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் மரை போட்ட ஒரு வளையம் உண்டு. திருப்பினால் அந்த மூலை ஏறும், இறங்கும். (பின்சக்கரங்களுக்கு வேறு கணக்கு. அதை எழுதினால் இந்தப் பொறுமையும் போய்விடும்.)

இதற்கென்று விற்கிற தராசு எங்களிடம் இல்லை. கடை மூடியிருக்கும் ஞாயிறுகளில் நான்கு இடங்களிலிருந்து நான்கு எடை மிஷின் வரும்: அரிசிக் கடை, வெங்காய மண்டி, மீன் ஏலக்காரர் வீடு, முருகையனின் பழைய இரும்புக் கடை. சக்கரத்துக்கு ஒன்று. ஒரே அரிசி மூட்டையை நான்கின் மேலும் வைத்துப் பார்த்தால் நான்கும் நான்கு எண் காட்டும். முருகையன் தராசு எப்போதும் குறைத்தே காட்டும். அது பொருளை வாங்குகிற கடை. கலியபெருமாள் இந்த வித்தியாசங்களை மனசுக்குள் வைத்துக்கொள்வார்.

ஆனால் ஒரு சிக்கல். சீட்டில் உட்காரவும் வேண்டும், அடியில் படுத்து வளையத்தைத் திருப்பவும் வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. ஆகவே செல்வாம்பாள் உட்காருவாள். அவர் எழுபத்தொரு கிலோ. அவள் ஐம்பத்தெட்டு. குறைக்கு மடியில் அரைச் சிப்பம் அரிசி, ஏறக்குறைய பதிமூன்று கிலோ. ஒவ்வொரு முறையும் அப்படித்தான்: செல்வாம்பாளும் அரைச் சிப்பம் அரிசியும் சேர்ந்து கலியபெருமாள்.

"அசையாத."

"மூக்கு அரிக்குதுங்க."

"மூச்சே மெதுவா வுடு. நம்பரு ஆடுது."

"வுடலன்னா நம்பரு நின்னுடும், நானும் நின்னுடுவேன்."

"நீ அம்பத்தாறு தானே?"

"அம்பத்தெட்டு."

"போன தடவ அம்பத்தாறுன்ன."

"போன தடவ தீபாவளி வல்ல."

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். தராசுகள் நான்கும் ஆடும்.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இனியா. மகள்.

அவளை எழுதும்போது கை தானாகவே கடுமையாகிவிடுகிறது. முதல் படியில் அவள் பேசிய வாக்கியங்களை எல்லாம் படித்துப் பார்த்தேன்; எல்லாவற்றிலும் அவசரக்காரியாக, அப்பன் செத்த வருஷமே அவர் வண்டியில் ஏறியவளாக இருந்தாள். அது நியாயமில்லை. அவள் ஓசூரில் கார் கம்பெனியில் வேலை செய்கிறவள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி சனிக்கிழமை விடிய வந்து, தூங்காமல் ஷெட்டைத் திறந்து பேட்டரிக்கு சார்ஜ் போடுகிறவள். அழுவதற்கு அவளுக்குத் தெரிந்த இடம் அந்த ஷெட் ஒன்றுதான் என்று—

[இந்த வாக்கியம் வேண்டாம். எனக்கு எப்படித் தெரியும்?]

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மாசி மாதம் பக்கிரியும் இனியாவும் வண்டியை ஓட்டப் பாதைக்குக் கொண்டுபோனார்கள். செல்வாம்பாளும் போனாள். வேலி ஓரம் நின்றாள். நேரான பாதையில் வேகமாக வந்து வளைவுக்கு பிரேக் போட்ட வண்டி, வலது முன்சக்கரத்தில் புகையோடு கிறீச்சிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, புல்லுக்குள் பின்புறமாகப் போய் நின்றது. தூசி அடங்கும்வரை ஹெல்மெட் அசையவில்லை. பிறகு ஒரு கை உயர்ந்தது.

இனியாவின் தோளில் பெல்ட் அழுத்திய தடம் கன்றிப் போயிருந்தது. வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இனியா சொன்னாள்: "அப்பா எடைக்கு வெச்ச வண்டிம்மா. நான் நாப்பத்தொம்பது கிலோ. எனக்கு செட் பண்ணாம இனிமே ஓட்ட முடியாது."

"வளையத்த தொடணுமா?"

"தொடாம எப்பிடி?"

அவர் சட்டைகளை எல்லாம் கொடுத்தாயிற்று. செருப்பும் போயிற்று. போனில் இருந்த குரல் போனோடு போயிற்று. அவர் கை கடைசியாக முடித்து வைத்து, அதற்குப் பிறகு யாரும் தொடாமல் இருப்பது அந்த வளையங்கள் மட்டும்தான். சீட்டில் யாரும் இல்லாதபோதும் அந்த ஸ்பிரிங்குகள் அவர் எடையை எதிர்பார்த்துத்தான் நிற்கின்றன என்று செல்வாம்பாள் நினைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

"பெயின்ட்டுல கோடு போட்டுக்கலாம்மா" என்றாள் இனியா. "எத்தினி சுத்துன்னு எண்ணிக்கலாம். வேணும்னா திருப்பி அதே எடத்துல வெச்சிடலாம்."

"திருப்பி வெச்சா அது நீ வெச்சது."

"அப்ப ஷெட்டுலயே நிக்கட்டுமா? துரு புடிச்சி?"

"நிக்கட்டும்."

"எனக்கு ஒன்னும் ஆவல. அதனால இப்பிடி பேசற."

ஒரு பக்கம் அவர். இன்னொரு பக்கம் தோளில் கன்றிய தடத்தோடு இவள். வண்டியை விற்றுவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. வாங்குகிறவனும் முதலில் வளையத்தைத்தான் திருப்புவான்.

பக்கிரிதான் ஒரு வழி சொன்னார். "தங்கச்சி, தொடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அவன் எடைய சீட்டுல வெச்சிப் பாத்துடுவோம். ரெண்டு பக்கமும் ஒன்னா நிக்கறத நீ கண்ணால பாத்துக்க. அப்பறம் தொடலாம்."

செல்வாம்பாள் சரி என்றாள். பார்க்கலாம் என்றுதான் சரி சொன்னாள். தொடலாம் என்று சொல்லவில்லை.

5

பங்குனியில் ஒரு ஞாயிறு. நான்கு தராசுகளும் வந்தன. மீன்காரர் தராசைக் கழுவித்தான் கொடுத்திருந்தார், ஆனாலும் பூனை ஒன்று ஷெட் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கிரி தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்த்து, ஓட்டுத் துண்டுகளைச் செருகி நான்கையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார். வண்டியை மேலே ஏற்றினார்கள்.

மூன்று சிப்பம் அரிசி. அதில் சில கிலோ வெளியே எடுத்தால் எழுபத்தொன்று. சீட்டில் இரண்டு, கால் வைக்கும் இடத்தை ஒட்டி ஒன்று. சரிந்துவிடும் என்று இனியா பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"அரிசிக்கு பெல்ட்டு போட்டு எங்கக்கா இட்டுனு போறீங்க?" என்று எதிர்வீட்டிலிருந்து கேட்டாள் தையல்நாயகி.

"கோயிலுக்கு" என்றார் பக்கிரி. "வேண்டுதல்."

இனியா குனிந்து எண்களைப் படித்தாள். முருகையன் தராசின் குறையைக் கூட்டிக்கொண்டாள். மறுபடி படித்தாள்.

"ஒன்னா இல்ல."

"எது?"

"முன்னாடி ரெண்டும். வலது பக்கம் கூட இருக்குது. ரெண்டு கிலோவுக்கு மேல."

முன்னால் இருந்த இரண்டு தராசுகளையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். அதே வித்தியாசம். பக்கிரி வண்டியின் மூக்கை அழுத்தி ஆட்டிவிட்டு நிறுத்தினார். அதே.

"அரிசிய கொறச்சிப் பாப்போம்" என்றாள் இனியா. சொம்பை எடுத்து மூட்டையைப் பிரித்தாள். அள்ளி அள்ளி வெளியே குண்டானில் கொட்டினாள். ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு தடவை எண்ணைப் பார்த்தாள். செல்வாம்பாள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி விழும் சத்தம் மட்டும் கேட்டது. தன் புருஷனைச் சொம்பு சொம்பாக அள்ளி வெளியே கொட்டுவது போல—

[விட்டுவிடுகிறேன். இது எழுத்தில்தான் அப்படி இருக்கிறது. அங்கே நின்றபோது, அரிசி சிந்துகிறதே என்றுதான் இருந்தது.]

ஒரு கட்டத்தில் இனியாவின் கை நின்றது. "இப்ப ஒன்னு" என்றாள். "ரெண்டும் ஒன்னு."

வண்டியில் மிச்சமிருந்த அரிசியை எடுத்து நிறுத்தார்கள். ஐம்பத்தெட்டு.

"தராசு பொய் சொல்லுது" என்றார் பக்கிரி.

"ஸ்பிரிங்கு எறங்கியிருக்கும் மாமா. ஒரு வருசமா அப்பிடியே நிக்குது இல்ல" என்றாள் இனியா. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா? என்னா?"

"ஒன்னும் இல்ல" என்றாள் செல்வாம்பாள். "வெயிலு."

6

மூன்றாம் பகுதியில் 'ஒவ்வொரு முறையும்' என்று எழுதியிருக்கிறேன். அது பிழை.

அச்சகத்தில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஓரத்தில் குறி போட்டுத் திருத்திவிடுவேன். இதைத் திருத்தவில்லை. அந்த ஞாயிறு வரை செல்வாம்பாளுக்கு நினைவு அப்படித்தான் இருந்தது. சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் மடியில் கனக்கும் அரிசியையும்தான் அது பிடித்து வைத்திருந்தது. ஐம்பத்தெட்டு என்ற எண்ணைக் கேட்ட பிறகுதான் செல்வாம்பாளுக்கு மற்றது திரும்பி வந்தது.

கடைசித் தடவை, சித்திரையில், அவள் வழக்கம்போல அரைச் சிப்பத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். கலியபெருமாள் நிமிர்ந்து பார்த்தார்.

"அது வாணாம். நீ மட்டும் உக்காரு."

"ஏன்?"

"வாணாம், உக்காரேன்."

மடிக்குப் பாரம் இல்லை என்று சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள். அவர் வளையங்களைத் திருப்பினார், எண்களைப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கோடை. ஓட்டப் பாதைக்குப் போகவில்லை. அந்த அமைப்பில் அவர் வண்டியை ஒரு தடவைகூட ஓட்டவில்லை.

ஆகவே இப்போது கதைக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மாதங்களில் பேன்ட் தொளதொளத்தது. கேட்டால், "சேதராப்பட்டுல சாப்பாடு சரியில்ல" என்றார். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தார். வீட்டில் நான்கு தராசு வந்து போகும் மனிதர் ஒரு தடவையாவது ஏறி நின்றிருக்க மாட்டாரா? நின்றிருப்பார். ஐம்பத்தெட்டு என்று பார்த்திருப்பார். பெண்டாட்டி எடைக்கு வந்துவிட்டோம், இனி அரிசி தேவையில்லை. வீட்டில் சொல்லவில்லை, வளையத்தை மட்டும் திருப்பி வைத்தார். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கேட்டார், "இவ்ளோ நாளா ஒன்னுமே தெரியலையாம்மா?" என்று. தெரியவில்லை என்று அவள் சொன்னாள். இதுதான் முடிவு என்றால் செல்வாம்பாளுக்குக் கோபம்தான் வரும். சித்திரைக்கும் ஆனிக்கும் நடுவில் இருந்த நாட்களை அவர் தனியாக வைத்துக்கொண்டார் என்ற கோபம். எதிரில் நின்று வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத கோபத்தை என்ன செய்வது?

இரண்டு. அவளுக்காக வைத்தார். தை மாதத்தில் ஒருநாள் ஓட்டப் பாதையில், "நீ ஒரு சுத்து ஓட்டேன் செல்வா, யாரும் எதுக்க வரமாட்டான்" என்றார். "நான் ஸ்கூட்டியே ஓட்டறதில்ல" என்றாள். அவர் அதை அத்தோடு விட்டாரா, விடவில்லையா? இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதாலேயே இதன்மேல் நம்பிக்கை இல்லை. பிறர் கதைகளில் இந்த மாதிரி இடம் வரும்போது ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடத் தோன்றும், அது என் வேலை இல்லை என்று விட்டுவிடுவேன்.

மூன்று. ஒன்றும் இல்லை. வெயில். அலுப்பு. இன்றைக்கு ஏதோ கண்ணால் பார்த்து வைத்துவிட்டு, மார்கழியில் சரியாகச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். அதோடு ஸ்பிரிங் இறங்கியது, தராசுகள் மாறிப்போயின, எண் தற்செயலாக ஐம்பத்தெட்டில் வந்து நின்றது. அரிசி வேண்டாம் என்று ஒருவர் சொல்வதற்கு எப்போதும் காரணம் இருக்க வேண்டுமா?

மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டேன். ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் பொய்யாக்குகிறது. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

7

ஷெட்டில் அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு மூன்று முடிவு பேசிக்கொண்டிருந்தேன்.

செல்வாம்பாள் அரிசி வேண்டாம் என்ற கதையை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பக்கிரி ஒரு முடிவைப் பிடித்துக்கொள்வார், இனியா வேறொன்றை. வீட்டில் மிச்சம் இருப்பவர்களே கொஞ்சம் பேர்.

இனியா கொக்கி மாதிரி வளைந்த ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்காமல் நின்றாள். அது அவள் வழக்கம் இல்லை. பனியனின் தோள்பட்டை ஓரத்தில் அந்தத் தடம், பச்சையும் மஞ்சளுமாக, இன்னும் முழுதாக மறையாமல் இருந்தது.

"நீ உக்காரு" என்றாள் செல்வாம்பாள்.

"எங்க?"

"சீட்டுல. அதக் கொடு, நான் திருப்பறேன்."

"ம்மா, நெசமாவா? அப்பா வெச்சது போயிடும்."

"போவட்டும், உக்காரு."

இனியா ஏறி உட்கார்ந்தாள். சிந்திய அரிசி அவளுக்கு அடியில் நெறுநெறுத்தது. செல்வாம்பாள் வலது முன்சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டு, ஸ்பேனரின் கொக்கியை வளையத்தின் பள்ளத்தில் மாட்டினாள். இழுத்தாள். அசையவில்லை. உப்பு மரைக்குள் இறங்கி இறுகிப் போயிருந்தது.

"துஸ்மான், தங்கச்சி, துஸ்மான்" என்றார் பக்கிரி, தன் பிரெஞ்சில்.

"அப்பிடின்னா?"

"மெதுவான்னு."

"மெதுவா இழுத்தா அசையலண்ணே."

"அலோர், அப்ப ஓங்கி இழு."

எண்ணெய் விட்டுக் காத்திருந்து, காலை ஊன்றி இழுத்தாள். வளையம் 'டொக்' என்று விட்டது. செம்பழுப்பாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்து அவள் புடவையில் விழுந்தது. அதற்குப் பிறகு எளிதாகத் திரும்பியது. பக்கிரி எண்களைப் படிக்கப் படிக்க, இவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள்.

"மூச்சு வுடாத" என்றாள் மகளிடம். "நம்பரு ஆடுது."

"வுடலம்மா."

"வொலா, அவ்ளோதான்" என்றார் பக்கிரி. "ரெண்டும் ஒன்னு. நிறுத்து."

இனியா இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, கோடு போட மறந்துட்டோம். எத்தினி சுத்துன்னும் எண்ணல."

பெயின்ட் டப்பாவைச் செல்வாம்பாள் அன்று காலையிலேயே பரண்மேல் எடுத்து வைத்துவிட்டாள். அதையும் சொல்லவில்லை.

இனி அந்த ஐம்பத்தெட்டை மறுபடி நிறுத்துப் பார்க்க வழியில்லை. ஸ்பிரிங் இறங்கியதா, தராசு பொய் சொன்னதா, அவர் யாரை மனதில் வைத்துத் திருப்பினார் என்று எதையும் இனிச் சோதிக்க முடியாது. மூன்று முடிவுகளையும் ஒரே இழுப்பில் அவளே மூடிவிட்டாள். இதைத் தெரிந்துதான் செய்தாளா என்று நீங்கள் கேட்கலாம். அவளை எழுதுகிற எனக்கே அது தெளிவாக இல்லை. ஓட்டுகிறவள் உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

சித்திரை பிறந்ததும் இனியா வண்டியை மறுபடி கொண்டுபோனாள். அதே வளைவு. பிரேக் போட்டாள். வண்டி நேராக வேகம் குறைந்து, வளைந்து, போய்க்கொண்டே இருந்தது. வேலி ஓரம் நின்ற செல்வாம்பாள் பக்கிரியிடம், "தண்ணி இருக்குதாண்ணே?" என்று கேட்டாள்.

மூன்றில் எது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் சரியில்லை என்றால் நான்காவது ஒன்றை எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

வண்டியைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. இனியா பிளக் மாற்றிவிட்டாள், பேட்டரி மாற்றிவிட்டாள், பெட்ரோல் குழாய்கூடப் புதிது. ஆனாலும் காலையில் அது முதல் தடவையில் ஸ்டார்ட் ஆவதில்லை. மூன்றாவது தடவைதான்.